இந்த முறை தம்போலா வேண்டாம், கரகத்துக்குப் போவோம்

பெங்களூருப் பள்ளிகளில் வேலை பார்க்கும் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியத் தோழர்களே,

கல்வியாண்டு முடிகிறது. ஒரு பக்கம் விடைத்தாள் கட்டு, மறுபக்கம் மதிப்பெண் பதிவேற்றம், நடுவில் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குழுவில் ஆண்டிறுதி அவுட்டிங்குக்கான வோட்டெடுப்பு. கனகபுரா சாலையில் ஒரு ரிசார்ட், நந்தி மலைப் பக்கம் இன்னொன்று, இரண்டும் வேண்டாம் என்றால் ஏதாவது மாலில் பஃபே விருந்து. எந்தப் பள்ளியானாலும் பட்டியல் ஏறக்குறைய இதுதான். அதில் இல்லாத ஓர் இடத்தைச் சொல்லத்தான் இந்த மடலை எழுதுகிறேன். சைத்ர பௌர்ணமி ராத்திரி திகளரப்பேட்டைக்குப் போவோம். தர்மராயசுவாமி கோயில் கரகம். விடிய விடிய.

வேலூர், திருவண்ணாமலை, செஞ்சி, தருமபுரி, கிருஷ்ணகிரி என்று வட மாவட்டங்களிலிருந்து வந்து இந்த ஊரில் கணக்கும் வேதியியலும் ஆங்கிலமும் நடத்துகிறவர்களுக்குத்தான் முதலில் எழுதுகிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும். சென்னைக்காரர்களும் படிக்கலாம், தடையில்லை.

நம் வழக்கமான கொண்டாட்ட இரவு எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். எத்னிக் உடையில் வரச் சொல்லிச் சுற்றறிக்கை வரும். வேட்டி கட்டி வரும் சாரைப் பார்த்து அன்று ஒரு நாள் மட்டும் எல்லோரும் ஆகா என்பார்கள். பிரின்சிபல் மேடம் பேசுவார், ஓய்வு பெறுகிறவருக்குச் சால்வை, பிறகு கேக். அடுத்து தம்போலா. எண் கூப்பிடுகிறவர் ஒவ்வோர் எண்ணுக்கும் வெள்ளைக்காரன் விட்டுப்போன செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். நாமும் பல்லால் பேனா மூடியைக் கழற்றி எண்களை அடிப்போம். அந்தாக்ஷரி இந்தியில் தொடங்கும், இந்தியிலேயே முடியும். நடுவில் தப்பித்தவறி ஒரு ராஜ்குமார் பாட்டு வந்தால் கன்னட மிஸ் நிமிர்ந்து உட்காருவார். இளையராஜா வந்தால் நாம். அவர் 1981-இல் சங்கர் நாகின் 'கீதா' படத்துக்கு இசையமைத்தவர் என்பதால் சில மெட்டுகளுக்கு இரண்டு மேசைகளும் சேர்ந்து தலையாட்டும். என்னைக் கேட்டால் அந்த இரவின் நல்ல நிமிடம் அதுதான்.

சாப்பாட்டுத் தட்டைக் கையில் எடுத்ததும் அறை மாநிலம் மாநிலமாகப் பிரியும். 1956-இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தவர்களுக்குக்கூட இவ்வளவு வேகம் வரவில்லை. மலையாள மேசை, வங்காள மேசை, இந்திக்காரர்களின் பெரிய மேசை, ஓரமாக நம்முடைய மேசை. நாம் அங்கே என்ன பேசுவோம்? ஓசூர் டோலில் எவ்வளவு நேரம் நின்றோம், பொங்கலுக்கு எத்தனை நாள் விடுவார்கள், ஊரில் டெட் தேர்வு எப்போது வரும், அரசு வேலை கிடைத்தால் இந்த ஊரை விட்டுப் போய்விடலாம். பனீர் ஆறிப்போகும். எட்டரை மணிக்கெல்லாம் பெண்கள் கைபேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள். பிஜி விடுதிக் கதவு பத்து மணிக்குச் சாத்தப்படும், இல்லையென்றால் வீட்டில் குழந்தை தூங்காமல் காத்திருக்கும். ஒன்பதரைக்குக் குழுப்படம், உடனே ஓலா, அவ்வளவுதான்.

அந்த இரவில் யார் இல்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? ஆயாம்மாக்கள் இல்லை. பள்ளி வண்டி ஓட்டுநர்கள் வாசல்வரை வருவார்கள், உள்ளே வரமாட்டார்கள். ஸ்டாஃப் என்ற சொல்லுக்குள் அவர்களுக்கு இடம் இருப்பது சம்பளப் பதிவேட்டில் மட்டும். இத்தனைக்கும் இந்த ஊர் தெரிந்தவர்கள் அவர்கள்தான். நாம் வொயிட்ஃபீல்டிலோ ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ வாடகைக்கு இருந்துகொண்டு, பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சிக்னல்களைத்தான் பெங்களூர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஸ்டாஃப் இரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டு முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் மணியடிக்கும் இடைவெளிகளில் மட்டும் பார்த்துக்கொள்கிற தொழில் நம்முடையது. எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட ஓர் இரவு தேவைதான். ஜப்பானில் ஆண்டு முடியும்போது அலுவலகம், ஆலை, பள்ளி எல்லாவற்றிலும் போனென்காய் என்ற விருந்து உண்டு. 1987 முதல் ஜெட் திட்டத்தின் கீழ் வெளிநாடுகளிலிருந்து மொழி கற்பிக்க அங்கே போகும் இளைஞர்களையும் பள்ளிக்காரர்கள் அதற்கு அழைத்துப் போகிறார்கள். பகலில் தலை குனிந்து வணங்கும் துணைத் தலைமை ஆசிரியர் அன்று இரவு அவர்கள் கோப்பையில் தானே ஊற்றுவார். வெளியிலிருந்து வந்தவரை உள்ளூர்க்காரர் தம் கொண்டாட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். நம் ரிசார்ட் இரவில் இல்லாதது அதுதான். அங்கே எல்லோருமே விருந்தாளிகள், வீட்டுக்காரர் யாரும் கிடையாது. அந்த டி.ஜே. இரவைத் தூக்கி அப்படியே குர்கானில் வைத்தாலும் ஒரு மாற்றமும் தெரியாது.

இனி கரகத்துக்கு வருகிறேன்.

கே.ஆர். மார்க்கெட்டுக்கும் கார்ப்பரேஷன் வட்டத்துக்கும் நடுவில், நகரத்பேட்டைச் சந்துகளுக்குள் இருக்கிறது திகளரப்பேட்டை. கெம்பே கவுடா 1537-இல் அமைத்ததாகச் சொல்லும் பழைய பேட்டைப் பகுதி. அங்கே தர்மராயருக்கு ஒரு கோயில். பாண்டவர்களும் திரௌபதியும் தெய்வங்கள். பதினோரு நாள் விழா கொடியேற்றத்தோடு தொடங்கும்; பௌர்ணமிக்குச் சில நாள் முன்பு ஹசி கரகம்; பௌர்ணமி இரவு பூக்கரகம். 2023-இல் அது ஏப்ரல் 6, 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் ஏப்ரல் 12. ஆக நம் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்குகிற சமயம். ஆசிரியர்களுக்கென்றே நாள் குறித்ததுபோல இருக்கிறது.

கரகம் சுமப்பவர் திகளர் சமூகத்துப் பூசாரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஆண். புடவை கட்டி, வளையல் போட்டு, தாலி அணிந்து, மல்லிகை மூடிய கூம்பு போன்ற கரகத்தைத் தலையில் ஏந்தி, கைகளால் தொடாமல் வருவார். ஒரு கையில் கத்தி, மற்றொன்றில் கோல். அந்த நாட்களில் அவர் மனைவி தன் தாலியையும் வளையலையும் அவரிடம் கொடுத்துவிட்டு விலகி இருப்பது வழக்கம். சுற்றிலும் வீரகுமாரர்கள், நூற்றுக்கணக்கில், வெற்று மார்பும் தலைப்பாகையும் உருவிய வாளுமாக. கரகம் சரிந்தால் அந்த வாள்கள் சுமப்பவர் மேலேயே பாயும் என்பது காலங்காலமாகச் சொல்லப்படுகிற விதி. 'கோவிந்தா கோவிந்தா' என்ற கூச்சல் கிளம்பும்போது மாடிகளிலிருந்து மல்லிகை கொட்டும். அட்டவணையில் நள்ளிரவு என்று போட்டிருப்பார்கள். நள்ளிரவு தாண்டிய பிறகுதான் கரகம் வெளியே வரும். அதற்குள் நகரத்தின் பல கோயில்களிலிருந்து அலங்கரித்த பல்லக்குகளும் தேர்களும் பேட்டைக்குள் வந்து வரிசை கட்டி நிற்கும். கரகம் சந்து சந்தாகச் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்பும்போது பொழுது விடிந்திருக்கும்.

அவர்கள் சொல்லும் கதை நம் வியாச பாரதத்தில் தேடினால் கிடைக்காது. பாண்டவர்கள் எல்லாம் முடித்துச் சொர்க்கத்துக்குப் போகும் வழியில் திமிராசுரன் என்ற அசுரன் மறித்தானாம். திரௌபதி சக்தி வடிவெடுத்துத் தன் உடலிலிருந்து வீரகுமாரர்களைப் படைத்தாள். அவர்கள் அசுரனை அழித்தார்கள். அவள் மேலே போகக் கிளம்பியபோது பிள்ளைகள் காலைக் கட்டிக்கொண்டு போகாதே என்றார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, முதல் மாதத்துப் பௌர்ணமியில் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த வருகைதான் கரகம். வேலைக்காக வெளியூர் போன அம்மா திருவிழாவுக்கு வீடு வருகிற கதை போலவும் இதைக் கேட்கலாம். ஆனால் அப்படிக் கேட்பது நம் நிலைமையை அதன்மேல் ஏற்றுவதாகும், அதை அந்த மக்கள் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு.

இப்போது வட மாவட்டத்துக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டதன் காரணம் புரிந்திருக்கும். உங்கள் ஊரில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கும். பங்குனியிலிருந்து ஆனிக்குள் ஏதோ ஒரு மாதம் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் ஒருவர் பாரதம் சொற்பொழிவு செய்வார், இரவில் கூத்து, அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான், கடைசியில் களிமண்ணால் செய்த துரியோதனனைப் படுகளத்தில் கிடத்தித் தொடையில் அடிப்பார்கள், மாலையில் தீமிதி. போத்துராஜா காவல் நிற்பார். அதே போத்துராஜா திகளரப்பேட்டையிலும் உண்டு. செஞ்சிக்குப் பக்கத்து மேலச்சேரியிலிருந்து தொடங்கி இந்த வழிபாட்டை அலசிய ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபைட்டல் அதைப் பற்றி இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார், 1988-இலும் 1991-இலும். பெங்களூர்க் கரகத்தை இந்நகரத்தின் ஏரிகளோடும் தோட்டங்களோடும் சேர்த்துப் படித்து ஸ்மிருதி ஸ்ரீநிவாஸ் எழுதிய ஆங்கில நூல் 2001-இல் வந்தது. சமூக அறிவியல் ஆசிரியர்கள் நூலகத்துக்கு வாங்கச் சொல்லிக் கேட்கலாம். போட்டித் தேர்வு கைடுகளுக்கு நடுவில் அதுவும் இருக்கட்டும்.

பிழைப்புக்குப் போன இடமெல்லாம் நம்மவர்கள் இந்த அம்மனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் ஐப்பசியையொட்டி நடக்கும் தீமிதி திரௌபதிக்கானது. இலங்கையில் உடப்பிலும் பாண்டிருப்பிலும் நடக்கிறது. ரீயூனியன் தீவிலும் உண்டு. கரும்புத் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் போனவர்கள் செய்ததை, ஸ்மார்ட் போர்டு முன்னால் நிற்கப் போன நாம் செய்யவில்லை என்று குறை சொல்ல வரவில்லை. இங்கே நாம் எதையும் கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை. நமக்கு முன்பே வந்து உட்கார்ந்திருக்கிறது. நாம் வருவதற்குப் பல தலைமுறை முன்பே.

இங்கேதான் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, 'அப்படியானால் கரகமே நம்முடையதுதான்' என்று மார் தட்டிக்கொண்டு யாரும் திகளரப்பேட்டைக்கு வர வேண்டாம். அப்படி வருவதானால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். திகளர்கள் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்தவர்கள் என்றுதான் ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். மூத்தவர்கள் வீட்டுப் பேச்சில் தமிழ் கலந்திருக்கும். ஆனால் அவர்கள் இன்று கன்னட மக்கள். இந்த ஊருக்குக் கீரையும் பூவும் விளைவித்துக் கொடுத்த தோட்டக்காரர்கள். ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக்கிலும் அவர்கள் உழைப்பு உண்டு. வேர் எங்கே என்று தோண்டிப் பார்த்து உரிமை கொண்டாடுவது நம் ஆட்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கு. இங்கே அது அநாகரிகம். அவர்கள் வீட்டு விழாவுக்கு விருந்தாளியாகப் போகிறோம், சில சடங்குகள் நம் பாட்டி வீட்டில் பார்த்தவைபோல் இருக்கின்றன. அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

விருந்தாளிக்குரிய முதல் மரியாதை மொழி. எவ்வளவு காலமாக இங்கே இருக்கிறோம் என்று கேட்டால் பெருமையாகச் சொல்கிறோம். கன்னடம் தெரியுமா என்றால் 'சொல்ப சொல்ப' என்று சிரிக்கிறோம். 2015-இன் கன்னட மொழிக் கற்றல் சட்டப்படி நாம் பாடம் நடத்தும் குழந்தைகள் எல்லோரும் கன்னடம் படிக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் பேருந்துப் பலகையைப் படிக்கிறான், அவனுக்குக் கணக்கு சொல்லித் தரும் டீச்சர் படிப்பதில்லை. நமக்கொரு தயக்கம் இருப்பதும் உண்மைதான். 2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகள் எரிந்த நாட்களில் வீட்டுக்கு ஃபோன் செய்யும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டவர்கள் நம்மில் பலர். அந்தத் தாழ்ந்த குரல் சிலருக்கு அப்படியே நின்றுவிட்டது. மேசையின் ஓரம், கூட்டத்தின் ஓரம், ஊரின் ஓரம். உல்சூர் ஏரிக்கரையில் 18 ஆண்டுகள் சாக்குத் துணி மூடி நின்ற திருவள்ளுவர்கூட 2009 ஆகஸ்டில் முகம் காட்டிவிட்டார். நாமும் கொஞ்சம் வெளியே வரலாம்.

கரகம் போகும் வழியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் காட்டன்பேட்டை. அங்கே ஹஸ்ரத் தவக்கல் மஸ்தான் தர்கா. வீரகுமாரர்கள் சூழ்ந்து வரும் கரகம் அந்தத் தர்காவுக்குள் போய் வரும். யாரோ அமைதிக் குழு கூட்டி முடிவு செய்த ஏற்பாடு இல்லை இது, தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். 2022-இல் இது கூடாது என்று சில அமைப்புகள் குரல் எழுப்பின. தர்காவிலிருந்து கோயிலுக்கு வந்து வழக்கம்போல வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள், கோயிலாரும் வழக்கத்தை மாற்றப்போவதில்லை என்றார்கள், கரகம் போனது. குடிமையியல் பாடத்தில் மதச்சார்பின்மைக்கு எடுத்துக்காட்டு எழுதச் சொல்லி ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்கிறோமே, விடை காட்டன்பேட்டையில் வருடா வருடம் விடிகாலையில் நடக்கிறது. நாம் அந்நேரம் தூங்குகிறோம்.

கரக விழாவில் இன்னொன்றையும் பார்க்கலாம், அது கண்ணுக்குத் தெரியாது என்றாலும். ஹசி கரகச் சடங்கு சம்பங்கி ஏரியோடு சேர்ந்தது. சம்பங்கி ஏரி எங்கே என்று கேட்காதீர்கள். ஸ்ரீ கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கும் இடம்தான் அது. நம் பிள்ளைகளை மாவட்ட ஓட்டப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போவோமே, அதே இடம். சடங்குக்கென்று ஒரு சிறு நீர்த்துண்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். நம்மில் பலர் இந்த ஊரில் முதன்முதலாகக் கால் வைத்த மெஜஸ்டிக் பேருந்து நிலையமும் தர்மாம்புதி என்ற ஏரியின் மேல்தான் நிற்கிறது. ஏரியும் தோட்டமும் இருந்த பெங்களூரைத் தோட்டக்காரர்களின் விழா இன்னும் ஞாபகம் வைத்துக்கொண்டு நடந்து போகிறது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் கோடையில் இதை நேரில் பார்த்தால், ஐந்தாம் வகுப்புச் சூழலியல் பாடத்தை அடுத்த ஆண்டு வேறு மாதிரி நடத்துவோம் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஆட்சேபணைகள் எனக்குக் கேட்கின்றன.

கூட்டம் என்பீர்கள். ஆமாம், கூட்டம்தான், நெரிசல்தான். சாக்கடை நாற்றமும் மல்லிகை வாசமும் ஒன்றாக வரும். காலை மிதிப்பார்கள். கைபேசியை முன்பையில் வைத்துக்கொள்ள வேண்டும், நகை எதுவும் போடாமல் வர வேண்டும். கோயில் வாசலிலேயே நின்று கரகம் வெளியே வருவதைப் பார்த்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம். அது இளவட்டங்களின் வேலை. அவென்யூ சாலைப் பக்கமோ பாளேபேட்டைப் பக்கமோ ஒரு கடைத் திண்ணையைப் பிடித்து உட்கார்ந்தால் கரகம் நம்மைத் தேடி வரும். வரும்வரை தெருவே திருவிழா. பானகமும் நீர்மோரும் கோசம்பரியும் வழி நெடுகக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், கொடுப்பது அவர்களுக்குச் சேவை.

பெண்கள் ராத்திரி முழுக்க வெளியில் இருப்பதா என்பீர்கள். இந்தக் கேள்விக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன், ஏனென்றால் நம் ஆசிரியர் அறைகளில் பெரும்பாலோர் பெண்கள். எந்த ஸ்டாஃப் இரவும் ஒன்பதரைக்கே முடிவதற்குக் காரணமும் இதுதான். ஒன்று மட்டும் சொல்கிறேன். கரக இரவில் பேட்டையில் நீங்கள் பார்க்கும் கூட்டத்தில் மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களும், சுவரில் சாய்ந்து தூங்கி வழியும் பாட்டிகளும், தலை நிறையப் பூ வைத்த பள்ளிக்கூடப் பெண்களும் இருப்பார்கள். பெண்கள் இரவைத் தங்களுடையதாக வைத்திருக்கும் இடங்கள் இந்த ஊரில் அதிகம் இல்லை. எம்.ஜி. சாலையில் பப் மூடும் நேரத்தில் ஆட்டோ தேடி நிற்பதைவிட இங்கே துணை அதிகம். அதற்காக ஜாக்கிரதையை விட்டுவிடச் சொல்லவில்லை. தனியாக யாரும் பிரியக் கூடாது, நால்வர் நால்வராக இருக்க வேண்டும், வீட்டுக்குத் திரும்பும்போதும் அப்படியே. பிஜியில் இருக்கும் இளம் ஆசிரியைகள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள், அல்லது காலையில் கதவு திறந்த பிறகு போய்ச் சேருங்கள்.

மதம் என்பீர்கள். இது கோயில் விழா, மறைக்க ஒன்றும் இல்லை. நம் சக ஆசிரியர்களில் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள், சாமி கும்பிடாதவர்களும் இருக்கிறார்கள். அழைப்போம், வருவதும் வராததும் அவரவர் விருப்பம். வருகைப் பதிவு வேண்டாம், குழுப்படம் கட்டாயம் என்ற அறிவிப்பு வேண்டாம். நிர்வாகம் நடத்தும் இரவாக இதை மாற்றவே கூடாது என்பது என் கட்சி. பள்ளிப் பெயர் போட்ட பேனரோடு யாராவது வந்தால் நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்.

செலவைப் பற்றி ஒரு வரி போதும். ரிசார்ட்டுக்கு ஆளுக்கு வசூலிக்கும் பணத்தில் மெட்ரோவுக்கும் காலை டிபனுக்கும் போக மிச்சம் இருக்கும்.

கன்னட சகாக்களை மறக்க வேண்டாம். அவர்களுக்குக் கரகம் அத்துப்படி என்று நினைத்துவிடாதீர்கள். நம் கன்னட ஆசிரியை ஹுப்பள்ளியிலிருந்து வந்தவராக இருப்பார், பி.டி. மாஸ்டர் மங்களூர்க்காரர். அவர்களுக்கும் இந்தப் பேட்டை புது ஊர்தான். உண்மையான பேட்டைக்காரர் யார் என்று தேடினால் பெரும்பாலும் அது அலுவலக உதவியாளராகவோ, ஆயாம்மாவாகவோ, வண்டி ஓட்டுநராகவோ இருக்கும். அவர்களிடம் போய் 'நமக்குக் கரகம் காட்டுவீர்களா அக்கா' என்று கேளுங்கள், கன்னடத்தில் கேளுங்கள். ஆண்டு முழுக்க நம் மேசையைத் துடைத்தவர் அன்று முன்னால் நடப்பார், நாம் பின்னால் போவோம். எந்தச் சந்தில் திரும்பினால் எதிரே கரகம் வரும், எந்த மாடியில் ஏறச் சொல்லி யாரைக் கேட்கலாம், எங்கே கழிப்பறை இருக்கிறது, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். நான் கேட்கும் ஸ்டாஃப் இரவு இதுதான்.

எலெக்ட்ரானிக் சிட்டி, சந்தாபுரம் பக்கத்துப் பள்ளிக்காரர்களுக்குப் பேட்டை தூரம் என்றால் ஆனேக்கல்லிலும் தர்மராயர் கோயில் கரகம் உண்டு. கிழக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு ஹொசகோட்டை. அங்கேயும் திகளர்கள்தான் நடத்துகிறார்கள், நெரிசல் குறைவு. தேதியை உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பேட்டைக்கு வருகிறவர்களுக்குச் சில ஏற்பாடுகள். இரவு பத்து மணிக்குள் பச்சைத் தடத்தில் சிக்பேட் அல்லது கே.ஆர். மார்க்கெட் நிலையத்தில் இறங்கிவிடுங்கள்; கார் எடுத்து வந்தால் நிறுத்த இடம் கிடைக்காது, தெருக்களையும் மூடியிருப்பார்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். செருப்பு பழையதாக இருக்கட்டும். வீரகுமாரர்கள் வரும்போது வழிவிட்டு ஒதுங்குங்கள், வாளை மார்பில் அடித்துக்கொள்ளும் அலகு சேவை நடக்கும்போது ரீல்ஸ் எடுக்க முகத்துக்கு நேரே போகாதீர்கள். விடிந்ததும் கே.ஆர். மார்க்கெட் பூச்சந்தை திறந்திருக்கும், அங்கேயே பக்கத்தில் இட்லி வடை கிடைக்கும். சாப்பிட்டுவிட்டு மெட்ரோ ஏறலாம். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் முதல் ரயில் தாமதமாகத்தான் வரும், அதுவரை இன்னொரு காபி.

எஸ்.எஸ்.எல்.சி. விடைத்தாள் திருத்தும் பணி இருப்பவர்கள் மட்டும் தேதியைப் பார்த்துக்கொண்டு பெயர் கொடுங்கள். தூங்காத கண்ணோடு உட்கார்ந்தால் பிள்ளைகள் மதிப்பெண்ணில் கை வைத்ததாகிவிடும். மற்றவர்கள் மறுநாளுக்கு ஒரு சி.எல். எழுதிக் கொடுத்துவிடுங்கள். காரணம் என்ற இடத்தில் வழக்கம்போலக் காய்ச்சல் என்று எழுதாமல் கரகம் என்றே எழுதுங்கள், கன்னடத்தில் எழுதினால் இன்னும் நல்லது. எந்த எழுத்தில் தடுக்கினாலும் பக்கத்து மேசைக் கன்னட மிஸ் திருத்திக் கொடுப்பார். அப்படியே அவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே ஓசூர் டோலைத் தாண்டி வந்த ஓர் ஆசிரியை
பெங்களூரு